நாணயக் கண்காட்சியில் பேரம்: பாதி விலையில் ஆரம்பிக்கலாமா?

கேள்வி: "அடுத்த மாதம் முதல்முறையாக ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போகிறேன். டீலர் நூறு சொன்னால் ஐம்பதில் ஆரம்பி, எழுபதில் படியும் என்கிறார் நண்பர். எல்லா டீலரும் இரட்டை விலை போட்டுத்தான் வைத்திருப்பார்களாம். அப்படித்தானா?"

பிப்ரவரி 3

அப்படி இல்லை. பாதியில் ஆரம்பித்தால் பல மேசைகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாணயத்தை வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டு அடுத்து நிற்பவரைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் எண்பது சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

நூறு என்று சீட்டு ஒட்டிய நாணயத்தை அவர் ஐம்பதுக்கு வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஓரளவு தேடப்படும் நாணயம் என்றால் எழுபது, எழுபத்தைந்து, சில சமயம் எண்பத்தைந்துகூடக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். மிச்சம் இருக்கும் இடைவெளியில்தான் மேசை வாடகை, பயணம், தங்கும் செலவு, காப்பீடு, விற்காமல் முடங்கிக் கிடக்கும் முதல் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் பேரத்துக்கான இடமும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அவருடைய அடக்க விலை எங்கே இருக்கும் என்று ஊகிக்கத் தெரிந்தவருக்குச் சாமர்த்தியமான பேச்சு எதுவும் தேவைப்படாது.

பிப்ரவரி 3, இரவு

அடக்கத்தை எப்படி ஊகிப்பது என்று உடனே கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை அது. மேசை முன்னால் நின்றுகொண்டு செய்ய முடியாது.

ஒரு நாணயத்துக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நாணயங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். ரெட் புக் என்று எல்லோரும் சொல்லும் பட்டியல் 1946 முதல் வருகிறது. அதில் இருப்பது சேகரிப்பவர் கடையில் கொடுக்கும் விலை. புளூ புக் அதற்கும் மூத்தது, 1942. அதில் இருப்பது டீலர் நம்மிடமிருந்து வாங்கும் விலை. 1963-ல் தொடங்கிய கிரேஷீட்டில் டீலர்கள் தங்களுக்குள் கைமாற்றும் விலை இருக்கும். மூன்றையும் திறந்து ஒரே நாணயத்தைப் பாருங்கள், மூன்று எண்கள் கிடைக்கும். உங்கள் பேரம் கிரேஷீட்டுக்கும் ரெட் புக்குக்கும் நடுவில் எங்கோ முடியும்.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகும் பட்டியல் கையில் கிடைக்கும்போதே பழசாகியிருக்கும். வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதனால் நான் அதிகம் நம்புவது முடிந்துபோன ஏலங்களின் முடிவுகளை. அங்கே உண்மையில் ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். இணையத்தில் யாரோ விற்கப் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை மட்டும்தான். அதை போனில் டீலருக்குக் காட்டி வாதாடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது.

பிப்ரவரி 4

ஏல முடிவு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த எண், வேறு. வாங்கியவர் கட்டிய மொத்தம் வேறு. வாங்குபவரிடம் சுத்தியல் விலைக்கு மேல் இருபது சதவீதமோ அதற்கு மேலோ வாங்கும் ஏல நிறுவனங்கள் நிறைய. சுத்தியல் நூறில் விழுந்தால் வாங்கியவருக்கு நூற்றிருபதுக்கு மேல் ஆகியிருக்கும். விற்றவருக்கு நூறுகூட முழுதாக வராமல் போகலாம். நீங்கள் பார்க்கும் தளம் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "ஏலத்தில் நூறுதானே போனது" என்று ஒருவர் சொல்லி, டீலர் பொறுமையாக விளக்க வேண்டியிருந்ததை அருகில் நின்று கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 5

முதல் குறிப்பில் சொன்ன எழுபது, எண்பத்தைந்து கணக்கு எல்லா நாணயத்துக்கும் பொருந்தாது. வகை பிரித்தால்தான் சரியாக வரும்.

உலோக மதிப்புக்காகவே விற்கப்படும் வெள்ளியில் பேரத்துக்கு இடமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஸ்பாட் விலை, அதாவது உலோகத்தின் சந்தை விலை, இருவருக்கும் தெரியும். 1964 வரைக்குமான அமெரிக்க டைம் (பத்து செண்ட்), குவார்ட்டர் (கால் டாலர்), அரை டாலர்களில் 90 சதவீதம் வெள்ளி. முகமதிப்பில் ஒரு டாலருக்கு அச்சடித்த அன்று 0.7234 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் அவுன்ஸ்) வெள்ளி இருந்தது. ஆனால் வியாபாரத்தில் தேய்மானத்தைக் கழித்து 0.715 என்று கணக்கிடுவது வழக்கம். இந்த இரண்டாவது எண்ணைத் தெரிந்துகொண்டு போனால் டீலர் உங்களிடம் பேசும் தொனியே மாறும். பழைய வெள்ளி டாலருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் வெள்ளி கொஞ்சம் கூடுதல்.

ஆஸ்திரியப் பேரரசியின் உருவம் கொண்ட வெள்ளி நாணயமான மரியா தெரசா தாலர் இன்னொரு நல்ல உதாரணம். அதில் 1780 என்று இருக்கும். ஆனால் அந்த ஆண்டைப் போட்டே பிற்காலத்தில் பல நாணயச்சாலைகள் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. எடை 28 கிராமுக்குச் சற்று மேல், தூய்மை 0.833. அதாவது முக்கால் அவுன்ஸ் வெள்ளி. "இருநூறு வருடத்துக்கு மேல் பழசு" என்று யாராவது விலை ஏற்றிச் சொன்னால் அந்த முக்கால் அவுன்ஸை மனதில் கணக்குப் போடுங்கள். பழைய அடிப்புகள் விஷயம் வேறு. அவற்றை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் அதற்குத் தனி விலை கொடுப்பார்கள்.

பிரிட்டிஷ் வெள்ளியில் ஆண்டைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 1919 வரை 92.5 சதவீதம். 1920 முதல் 50. 1947 முதல் வெள்ளியே இல்லை. கலவைப் பெட்டியில் மூன்றும் அருகருகே கிடக்கும், எல்லாம் ஒரே விலைச் சீட்டோடு.

சரி, கலவைப் பெட்டி. எடைக்கு வாங்கிக் கொட்டிய உலக நாணயங்கள் அதில் இருக்கும். அங்கே அடக்கம் மிகக் குறைவு, இடைவெளி அகலம். பத்து நாணயத்தை எடுத்துக்கொண்டு எல்லாம் சேர்த்து என்ன என்று கேட்டால் நண்பர் சொன்ன எழுபதுகூடக் கிடைக்கலாம். அவர் அங்கேதான் வாங்கிப் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் தேடும் அரிய நாணயத்தில் ஐந்து சதவீதம் விட்டாலே பெரிய விஷயம். நீங்கள் வேண்டாம் என்றால் அவர் ஒரு போன் போட்டு விற்றுவிடுவார்.

பிப்ரவரி 6

நாணயம் வைத்திருக்கும் உறையின் மூலையில் பென்சிலால் புரியாத எழுத்துகள் இருப்பது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அடக்க விலைக் குறியீடு. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் என்று வைத்துக்கொள்வார்கள். டீலருக்கே நூற்றுக்கணக்கான நாணயங்களின் அடக்கம் நினைவில் நிற்காது, அதனால் இந்த ஏற்பாடு. சிலர் வாங்கிய மாதத்தையும் குறித்திருப்பார்கள்.

அதை உடைக்க முயல வேண்டாம். ஆனால் விலை கேட்டதும் அவர் கண் உறையின் மூலைக்குப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் பேச இடம் இருக்கிறது. போகாமல் உடனே தலையாட்டினால் அந்த நாணயத்தை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், இடமும் அநேகமாக இல்லை.

பிப்ரவரி 9

எப்படிக் கேட்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. "கடைசி விலை என்ன?" என்று கேள் என்பது ஒன்று. நீயே ஓர் எண்ணைச் சொல் என்பது இன்னொன்று. நான் நீண்ட காலம் முதல் கட்சியில் இருந்தேன், இப்போது பெரும்பாலும் இரண்டாவது.

கடைசி விலை கேட்டால் டீலர் பழக்கமாகப் பத்து சதவீதம் குறைப்பார். அதோடு அவருடைய கடமை முடிந்தது. அதற்குக் கீழே நீங்கள் கேட்டால், கடைசி என்று சொன்ன சொல்லை அவர் மீற வேண்டும். பலர் மீற மாட்டார்கள். அதுவே "எண்பத்திரண்டு தருகிறேன், ரொக்கம்" என்று சொன்னால் அவர் அதை அடக்கத்தோடு ஒப்பிட்டு யோசிப்பார். எண்பத்தைந்து என்பார். முடிந்தது.

ஒரே நிபந்தனை: நீங்கள் சொன்ன எண்ணுக்கு அவர் சரி என்றால் வாங்கியே ஆக வேண்டும். "இன்னும் ஒரு சுற்று வந்து சொல்கிறேன்" என்று நழுவினால் அந்த மேசைக்கு நீங்கள் திரும்பப் போக முடியாது. பக்கத்து மேசைக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கண்காட்சிக்குக் கண்காட்சி வருகிறவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள்தான்.

அப்புறம், இன்னொருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழக் கூடாது. அவர் நாணயத்தைக் கீழே வைத்து நகர்ந்த பிறகே உங்கள் முறை. நான் எழுபதுக்கு முடிக்கப் போன ஒரு நாணயத்தை, தோளுக்குப் பின்னாலிருந்து "நான் எண்பது தருகிறேன்" என்று ஒருவர் தட்டிப் பறிக்கப் பார்த்தார். அந்த டீலர் எண்பதை மறுத்துவிட்டு எழுபதுக்கே எனக்குத் தந்தார். அன்று முதல் ஒவ்வொரு கண்காட்சியிலும் நான் முதலில் போவது அவருடைய மேசைக்குத்தான். அவரிடம் பேரமே பேசுவதில்லை. அவரும் எனக்கென்று ஒரு விலையைத்தான் முதலிலேயே சொல்கிறார்.

பிப்ரவரி 10

"அப்படியானால் விலைச் சீட்டே இல்லாத டீலரிடம் என்ன செய்வது? நானே எண் சொன்னால் அவர் நினைத்ததற்கு மேல் சொல்லிவிட மாட்டேனா?"

நியாயமான கேள்வி. அங்கே மட்டும் முதல் எண் அவரிடமிருந்து வர வேண்டும். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "உங்களுக்கு எவ்வளவுக்கு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டால், விலை தெரிந்தால் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே இருக்கலாம். சீட்டு ஒட்டாததற்கு நேர்மையான காரணமும் உண்டு. உலோக விலை நாளுக்கு நாள் மாறும்போது சீட்டு ஒட்டி மாளாது. ஆனால் ஆள் முகம் பார்த்து விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகை என்று தோன்றினால் நான் அடுத்த மேசைக்குப் போய்விடுவேன்.

பிப்ரவரி 14

கடைசி நாள் மதியம் போனால் மலிவாகக் கிடைக்கும் என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதி உண்மை.

கண்காட்சி சரியாகப் போகாத டீலர் கிளம்புவதற்கு முன் ரொக்கத்துக்காக இறங்கி வருவார். நன்றாக விற்றவருக்கு அந்த அவசரம் இல்லை. வெகு பேர் கடைசி நாள் மதியத்துக்கு முன்பே பெட்டி கட்டிவிடுகிறார்கள், பாதி மேசைகள் காலியாக இருக்கும். அதைவிட முக்கியம், நல்ல சரக்கு எப்போது கை மாறுகிறது என்பது. பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே, மேசை போடும் நேரத்தில், டீலர்கள் தங்களுக்குள் வாங்கி விற்றுக்கொள்கிறார்கள். ஒரே நாணயம் திறப்பதற்குள் இரண்டு மூன்று மேசை நகரும். ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் ஏறும். மூன்றாவது ஆளிடம் அதைப் பார்க்கும்போது இடைவெளி ஏறக்குறைய தீர்ந்திருக்கும்.

அதனால் தேடி அலையும் நாணயம் என்றால் முதல் நாள் காலை, கேட்ட விலைக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள். எங்கும் கிடைக்கும் நாணயம் என்றால் கடைசி நாள்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். முதல் நாள் காலையிலும் பேரம் நடக்கும், உங்களுக்கு வேண்டியது அந்த டீலரின் துறைக்கு வெளியே இருந்தால். பண்டைய ரோம நாணயங்கள் விற்கிறவரின் தட்டில் தனியாக ஒரு மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்) கிடந்தால், ஒரு மொத்தத் தொகுப்போடு அது வந்து சேர்ந்திருக்கும். அவருக்கு அது இடத்தை அடைக்கும் பொருள். என் தொகுப்பில் மனதுக்கு நிறைவான சில நாணயங்கள் இப்படித் தவறான மேசையிலிருந்து வந்தவை.

பிப்ரவரி 21

தரம் பற்றிப் பேசாமல் விலையைப் பேசவே முடியாது. 1 முதல் 70 வரையிலான அளவை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறோம். அது பிறந்ததே விலைக் கணக்காகத்தான். 1949-ல் வில்லியம் ஷெல்டன் தொடக்ககால அமெரிக்கப் பெரிய செண்டுகளுக்காக அதை வகுத்தார். அடையாளம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த நாணயம் 1. குறையே இல்லாதது 70. அப்படியானால் அதன் விலை முதலாவதைப் போல 70 மடங்கு. அடிப்படை விலையைத் தரத்தால் பெருக்கினால் விலை வந்துவிடும் என்பது அவர் எண்ணம். சந்தை சீக்கிரமே அந்தப் பெருக்கலை மீறிப் போய்விட்டது, எண்கள் மட்டும் தங்கின. இப்போது 64-க்கும் 65-க்கும் நடுவில் சில நாணயங்களில் விலை இரட்டிப்பாகிறது.

பேரத்தின் கனமான பகுதி இங்கேதான். தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்காத நாணயத்தில் டீலரே 65 என்று எழுதி 65-இன் விலையைப் போட்டிருப்பார். 1986-ல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு என்ஜிசி என்ற நிறுவனங்கள் தரம் பிரித்து முத்திரையிட்ட பெட்டியில் அடைக்க ஆரம்பித்த பிறகு, நிச்சயமான 65 ஒன்றை அவர் ஏன் அனுப்பாமல் வைத்திருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அனுப்பும் செலவும், 64 என்று திரும்பி வரும் ஆபத்தும் இனி உங்களுடையவை. அதை விலையில் கழித்துக் கேட்பது நியாயமான பேரம். பணிவாகக் கேட்டால் போதும், அவருக்கு விஷயம் புரியும்.

சுத்தம் செய்த நாணயம் இன்னும் மோசம். விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடினால் யாரோ துடைத்திருக்கிறார்கள். அதைத் தரம் பிரிக்க அனுப்பினால் எண் இல்லாமல் குறிப்போடு திரும்பி வரும். இதற்காக நாணயத்தை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். தன் நாணயத்தை இகழ்கிறவருக்கு விலை குறைக்க யாருக்கும் மனம் வராது. "இது சுத்தம் செய்ததாகத் தெரிகிறதே, உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் விலை இறங்கும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 22

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, மேசை விரிப்புக்கு மேலேயே வைத்துப் பாருங்கள். விழுந்தால் வாங்கியதாக அர்த்தம்.

மார்ச் 2

"இது இத்தனைதான் அச்சானது" என்று சொல்லும் டீலருக்கு என்ன பதில் என்று ஒருவர். அச்சான எண்ணிக்கையும் மிஞ்சிய எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதே பதில். 1918-ல் பிட்மன் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. எந்த ஆண்டு நாணயம் எவ்வளவு உலைக்குள் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் 1903 மார்கன் டாலர் கதை தெரிந்திருக்கட்டும். அச்சானது 44.5 லட்சம். ஆனாலும் புழங்காத நிலையில் கண்ணிலேயே படாததால் உருகிப் போயிருக்கும் என்று நம்பினார்கள். வரிசையிலேயே விலை உயர்ந்த நாணயங்களில் ஒன்றாகப் பட்டியலில் நின்றது. 1962 இறுதியில் கருவூலம் பழைய மூட்டைகளை வெளியே விட்டபோது அந்த நாணயம் மூட்டை மூட்டையாக வந்தது. விலை தலைகுப்புற விழுந்தது. அதற்கு முந்தின வாரம் வரை பட்டியல் விலைக்கு வாங்கியவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அவர்களில் பேரம் நன்றாகப் பேசியவரும் இருந்திருப்பார்.

மார்ச் 8

பண்டைய நாணயங்களுக்கு இந்த இழையில் இடம் கொடுக்கவில்லை என்ற குறை சரி. கையால் அடித்தவை, இரண்டு ஒன்றுபோல இருக்காது. அதனால் பட்டியல் விலை உதவாது. மையம் தவறாமல் அடிபட்டிருக்கிறதா, உலோகம் அரித்திருக்கிறதா, முகம் தெளிவா என்று பார்த்துத்தான் விலை. இன்னொன்று, கைமாறிய வரலாறு. கலாசாரச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. அதற்கு முன்பே ஒரு தொகுப்பில் இருந்தது என்று காட்டும் பழைய ஏலப் பட்டியலோ சீட்டோ இருந்தால் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்கலாம். சீட்டு எதுவும் இல்லாமல் "பழைய தொகுப்பு" என்று வாயால் மட்டும் சொன்னால் அதற்கு நான் ஒன்றும் கொடுப்பதில்லை.

மார்ச் 15

விற்கப் போகிறவர்கள் கேட்டதால் இது. வாங்கும்போது கொடுத்த விலையை மறந்துவிட்டுப் போங்கள். டீலரின் இடைவெளி இப்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. வெள்ளி என்றால் "ஸ்பாட்டில் எத்தனை சதவீதம் தருவீர்கள்?" என்று மூன்று மேசைகளில் கேளுங்கள். ஒரே அரங்கில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆல்பமாகக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் முக்கியமான நாணயங்களின் விலையை நீங்கள் முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். என் இரட்டைப் பிரதிகளைப் பார்த்த ஒருவர் முழு ஆல்பத்துக்கும் ஒரு மொத்தத் தொகை சொன்னார். அந்தத் தொகை அதிலிருந்த ஒரே நாணயத்தின் மொத்த வியாபார விலைக்குக்கூட வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு மூடிக்கொண்டு வந்தேன். நாணயம் சேர்க்காத ஒருவர், பெற்றோர் விட்டுப்போன ஆல்பத்தோடு அதே மேசைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. அப்படிப்பட்டவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதல் மேசையில் விற்காதீர்கள். தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டாராம். பிடித்த நாணயத்துக்கு டீலர் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை, அப்படியே வாங்கிவிட்டேன், ஏமாந்தேனா என்கிறார். அவர் தந்த விவரங்களைச் சமீபத்திய ஏல முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விலை சரியானதே. டீலர் முதலிலேயே நியாயமாகப் போட்டிருக்கிறார், குறைக்க இடமில்லை.

விலை இறங்காத இடத்தில் வேறு ஏதாவது கேட்கலாம். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். நல்ல உறை கேட்கலாம். அந்த நாணயம் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அது பிவிசி என்ற வகை பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். நாள்பட்டால் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுபிசுப்பு படியும். இன்றைக்கே எடுத்து மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள், துணியால் தேய்க்கவே வேண்டாம்.